கோத்தகிரி வீட்டுத் தோட்டத்துக்கு எந்த அத்தி ரகம் வைக்கலாம்?

கோத்தகிரி_புதுமனை:
கோத்தகிரி பக்கம், ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். கிழக்குப் பார்த்த கருங்கல் தடுப்புச்சுவர் ஒன்று இருக்கு, அதுக்கு முன்னால 20 அடிக்கு 10 அடி இடம். முன்பு தேயிலை இருந்த மண். மூணு சீமை அத்தி வைக்கணும். மேட்டுப்பாளையம் பக்க நர்சரிகளில் டயானா, பூனா, பிரவுன் டர்க்கி, ‘ஆப்கன்’னு நாலு பெயர் சொல்றாங்க. எது இனிப்பு அதிகம்? உலர்த்துற எண்ணம் இல்லை, பறிச்சுச் சாப்பிட்டா போதும்.

மேட்டுநிலம்:
இனிப்பைக் கடைசியில் பார்க்கலாம். மலையில் அத்தி ரகம் எடுக்க இரண்டு கேள்விதான் முக்கியம். உங்கள் உயரத்தில் காய் பழுக்கிற அளவு வெயில் சேருமா? பழுக்கிற வாரங்களில் மழை இருக்குமா? நர்சரியில் இந்த இரண்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். பழத்தின் படத்தைத்தான் காட்டுவார்கள்.

முதல் கேள்வி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சுற்றி, நீங்கள் 1,900. ஆகவே சராசரியில் பத்து டிகிரி கம்மி. சமவெளியில் மூன்றரை மாதத்தில் பழுக்கிற காய் உங்களிடம் ஐந்து மாதம் வரை தொங்கும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் போச்சு.

அத்தி இரண்டு விதமாகக் காய்க்கும். சென்ற வருடக் கிளையில், பழைய இலைத் தழும்புக்கு மேல் வருவது ஒன்று. இதைப் பிரேபா என்பார்கள். இந்த வருடத் தளிரில் இலைக் கக்கத்தில் வருவது மற்றொன்று. அதுதான் முக்கியக் காய்ப்பு. பிரேபா முன்னதாகவே தொடங்கிவிடுவதால் குளிர்ந்த இடத்திலும் பழுத்துவிடும். முக்கியக் காய்ப்புக்குத்தான் நீண்ட வெயில்காலம் வேண்டும். 1,800 மீட்டருக்கு மேல் போகிறவர்கள் பிரேபாவும் கொடுக்கிற ரகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். 1,400 மீட்டருக்குக் கீழே இதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை பழத்தின் கண்ணில் இருக்கிறது. காம்புக்கு எதிர்முனையில் உள்ள சின்ன ஓட்டையைச் சொல்கிறேன். அது திறந்திருக்கிற ரகத்தில் மழைத்தண்ணீரும் பழ ஈயும் சிறு வண்டும் உள்ளே போய், இரண்டே நாளில் புளித்த கள் வாடை வரும். மூடிய கண் உள்ள ரகம் அந்த நாலைந்து ஈர நாளைத் தாண்டி நிற்கும்.

உங்கள் இடத்துக்கு என் வரிசை: முதலில் பிரவுன் டர்க்கி, அடுத்து செலஸ்ட் கிடைத்தால் செலஸ்ட், தொட்டியில் வயலெட் டி போர்டோ. பூனா வேண்டாம்; தோல் மெல்லிசு, தக்காணத்தின் காய்ந்த காற்றுக்கு ஆன பழம், மழை பட்டால் வெடிக்கும். ‘ஆப்கன்’ என்பது ரகத்தின் பெயரே இல்லை, ஊர்ப் பெயர். அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

குன்னூர்_சரிவு:
டயானாவைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணா. பர்லியார் ஏத்தத்துல இருந்து குன்னூருக்குக் கீழ 1,500 மீட்டர் வரைக்கும், வெயில் நல்லா விழற சரிவுல டயானா தாராளமா பழுக்கும். பெரிய பழம், மஞ்சள் கலந்த பச்சைத் தோல். தமிழ்நாட்டு நர்சரில சுலபமா கிடைக்கிறதும் அதுதான். கிடைக்காத செலஸ்ட்டைத் தேடி ரெண்டு வருஷம் காத்திருக்கிறதைவிடக் கையில இருக்கிற கன்னை நடறது மேல்.

மேட்டுநிலம்:
1,500க்கு ஒத்துக்கொள்கிறேன். அவர் 1,900ல் இருக்கிறார். அந்த உயரத்தில் டயானாவின் பெரிய காய் நவம்பரில் கல்லு மாதிரி பச்சையாக நிற்கும். பழம் பெரிதானால் பழுக்க ஆகும் காலமும் கூடுகிறது, இதுதான் சிக்கல். இடம் மிச்சமிருந்தால் ஒன்று வைத்துப் பார்க்கட்டும், மூன்றும் டயானாவாக வேண்டாம்.

கொடை_பேரிக்காய்:
கொடைக்கானல் ஏரிக்கு மேலே 2,100 மீட்டர். பிளம்ஸ், பேரிக்காய்க்குக் குளிர் மணிக்கணக்கு பார்ப்பதைப் போல அத்திக்கும் பார்க்க வேண்டுமா? இன்னொன்று, கடையில் வாங்கும் துருக்கி உலர் அத்தியின் விதை போட்டால் முளைக்கிறது. அதையே வளர்த்தால் என்ன?

மேட்டுநிலம்:
குளிர்த் தேவை அத்திக்கு மிகக் குறைவு; நம் மலையில் அது தடையே இல்லை. பற்றாக்குறை வெயிலில்தான்.

விதை முளைக்கும். நட வேண்டாம். நல்ல துருக்கி உலர் அத்தி ஸ்மிர்னா வகை. அதன் உள்ளே பூ கருவுற பிளாஸ்டோஃபேகா சீனஸ் என்ற ஒரே ஒரு குளவி இனம்தான் வேண்டும், அந்தக் குளவி வாழ ஆண் அத்தி மரம் வேண்டும். பழத்தைக் கடிக்கும்போது விதை நறநறக்கிறதே, அது கருவுற்ற விதை. அந்த விதையில் வரும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆண் மரம், தின்ன உதவாத பஞ்சுக்காய். மீதிப் பெண் மரங்களிலும் பெரும்பாலானவை குளவி இல்லாமல் காயை உதிர்த்துவிடும். நம் ஓடைக்கரை நாட்டு அத்தியில் குளவி இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வேறு இனம், செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ். சீமை அத்திக்குள் அது வேலை செய்யாது.

ஆகவே கருவுறாமலே பழுக்கும் ரகம் மட்டும்தான் நமக்கு. மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் அந்த வகை. கலிமிர்னா என்று யாராவது விற்றால் திரும்பி வந்துவிடுங்கள். அது ஸ்மிர்னாவேதான்.

இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு, சான் பெட்ரோ. பிரேபா குளவி இல்லாமல் பழுக்கும், முக்கியக் காய்ப்பு உதிர்ந்துவிடும். இதில் டெசர்ட் கிங் என்ற ரகம் அமெரிக்காவின் குளிர்ந்த மேற்குக் கரையில் பேர் போனது. பெயர்தான் பாலைவனத்து ராஜா, விரும்புவது குளிர்ந்த கோடை. ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்குக் காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ரகம் இல்லை. நம் நர்சரிகளில்தான் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் பெட்டியில் குச்சி கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் பயிர்நலச் சான்றும் வேண்டும். அத்தி மொசைக் வைரஸ் குச்சியோடும் பரவுகிறது, சும்மா போட்ட சட்டம் இல்லை.

தாண்டிக்குடி_காப்பி:
கீழ்ப் பழனிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தாண்டிக்குடி, பன்றிமலை, பெரும்பாறை எல்லாம் காப்பியும் மலைவாழையும் வெண்ணெய்ப் பழமும் விளையற இடம். சூடு போதும். எங்க தடை நிழல்தான். சில்வர் ஓக்குக்குக் கீழ அத்தி வச்சா இலை அகலமா, தண்டு நீளமா போகும், காய் வராது. தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழற இடம் காப்பிக்காட்டுல கிடைக்கிறது கஷ்டம். களம், வீட்டு முற்றம், தண்ணித் தொட்டி ஓரம், இப்படித்தான் பார்க்கணும். இந்த உயரத்துக்கு டயானா, கோனாட்ரியா, எக்செல் மூணும் சரி. கோனாட்ரியா 1956ல கலிஃபோர்னியாவில் வெளியிட்ட கலப்பு ரகம், வீரியமா வளரும், பழம் சீக்கிரம் கெடாது. எக்செல் கடோட்டா வழி வந்தது, மழைக்கு வெடிக்கிறது குறைவு. ஆனா தாய் ரகமான கடோட்டாவை மட்டும் மேல்மலைக்குக் கொண்டுபோகாதீங்க, அதுக்குக் காய்ச்சல் வெயில் வேணும்.

கூடலூர்_எல்லை:
மழைக் கணக்கு சரிவுக்குச் சரிவு மாறுது, அதையும் சொல்லணும். எங்க கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு மழை நிக்காது. ஜனவரியில கவாத்து (கிளை வெட்டுறது) பண்ணா காய் ஆகஸ்ட்ல பழுக்கும், அவ்வளவும் சேத்துல. அதனால மழை தணியற செப்டம்பர்ல கவாத்து பண்ணி, பிப்ரவரி-ஏப்ரல்ல பழம் வர்ற மாதிரி திருப்பணும். 1,000 மீட்டர்ங்கிறதால குளிர்காலத்திலயும் தளிர் ஓடும். மகாராஷ்டிரத்துல கட்டா பஹார், மிட்டா பஹார்னு ரெண்டு பருவம் வச்சு, மழைக்காலப் பழம் சப்புனு இருக்கும்னு கோடைப் பழத்துக்கே கவாத்தை மாத்துறாங்க இல்ல, அதே கணக்கு. கோத்தகிரி கிழக்குச் சரிவு. அங்க பெரிய மழை ஐப்பசி-கார்த்திகையில. ஆகஸ்ட்-செப்டம்பர் ஓரளவு காய்ஞ்சிருக்கும். அவங்க ஜனவரி கடைசியில வெட்டலாம்.

குன்னூர்_சரிவு:
சுவர் விஷயத்துக்கு வரேன். ஆங்கிலத் தோட்டப் புத்தகம் எல்லாம் தெற்குப் பார்த்த சுவர்ல அத்தியைச் சாத்தி வளர்க்கச் சொல்லும். அது ஐம்பது டிகிரி வடக்குல எழுதினது. கோத்தகிரி 11.4 டிகிரி. ஏப்ரல் 20 வாக்குல உச்சி வெயில் நேர் தலைக்கு மேல வந்துடும், அப்புறம் ஆகஸ்ட் 23 வரைக்கும் மதிய சூரியன் வடக்குப் பக்கம்தான். காய் பெருக்கிற அந்த நாலு மாசமும் தெற்குச் சுவருக்கு உச்சி வெயிலே கிடையாது. அதோட மலையில மத்தியானத்துக்கு மேல மேகம் ஏறிடும், நம்பக்கூடியது காலை வெயில். கிழக்குப் பார்த்த கருங்கல் சுவர் இருக்குன்னா அதிர்ஷ்டம்; காலையில வாங்குற சூட்டைக் கல்லு சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும். விசிறி மாதிரி அஞ்சு ஆறு கிளையைச் சுவத்தோட கம்பி கட்டிப் பரப்புங்க.

மேட்டுநிலம்:
இதுவரை இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான குறிப்பு இது.

கோத்தகிரி_புதுமனை:
நன்றி. மண்ணைப் பத்தி யாரும் பேசலையே? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அடிக்கணும்னு ஒருத்தர் சொன்னார், அது எதுக்கு?

மேட்டுநிலம்:
தேயிலை மண்ணின் பிஎச் (புளிப்பு-கார அளவு) 4.5 முதல் 5.5க்குள் இருக்கும். அத்திக்கு 6 முதல் 7 வரை வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எந்த ரகம் வைத்தாலும் இலை சிறுத்து வெளிறும். மண் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் குறைந்தபட்சம் இப்படி:

60 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் குழி. தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, டோலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) அரை கிலோ, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ. கலந்து குழியை நிரப்பி ஒரு மாதம் ஆறவிட்டு நடுங்கள். டோலமைட்டும் ரசாயன உரமும் ஒரே நாளில் வேண்டாம். பிறகு வருடம் ஒருமுறை கிளைப் பரப்புக்குக் கீழே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் தூவி, பிஎச் 6 தொட்டதும் நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பலும் பிஎச்சை ஏற்றும், பொட்டாஷும் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள், இல்லாவிட்டால் 7.5க்குப் போய்விடும்.

குழி எடுத்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் குழி வேண்டாம், ஒன்றரை அடி மேடு கட்டி மேட்டில் நடுங்கள். வேர் அழுகல் பூச்சியைவிட அதிகமாக அத்தியைக் கொல்கிறது.

கோழி எரு, யூரியா அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் ஆள் உயரத்துக்குத் தளிர் ஓடும், காய் வராது. வந்த காயும் முதல் மழையில் பிளக்கும்.

பன்னைக்காடு_மண்:
பழைய கேரட், பீன்ஸ் பாத்தியில வைக்கிறவங்க வேர்முடிச்சு நூற்புழுவைக் கவனிக்கணும். செடி ஒண்ணைப் பிடுங்கி வேரைப் பாருங்க. முண்டு முண்டா இருந்தா அந்த இடத்துல ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு உழுதுட்டு வைங்க. 1961ல நீலகிரில கண்டுபிடிச்ச உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு வேற. அது உருளை, தக்காளி குடும்பத்தோட சரி, அத்தியைத் தொடாது. நூற்புழு உள்ள மண்ணுக்கு நாட்டு அத்தி வேர்மேல ஒட்டுக்கட்டின கன்னு ஒரு வழி. ஆனா ஒட்டுக்குக் கீழ கிளைக்கிற நாட்டுத் தளிரை மாசம் ஒருக்கா கிள்ளலைன்னா மூணாவது வருஷம் உங்ககிட்ட நாட்டு அத்தி மரம்தான் மிஞ்சும்.

தாண்டிக்குடி_காப்பி:
மயில்துத்தம் துருநோய்க்கு. இலைக்கு மேல மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தா பழுப்புத் தூள், விரலால தேச்சா ஒட்டும். காப்பித் துரு இல்லை இது, செரோடீலியம் ஃபிசைங்கிற வேற பூசணம். ஈரம் பத்து நாள் நின்னா மரம் மொட்டையாயிடும், இலை போனா காய் பழுக்காது. மேல்மலையில எந்த ரகமும் இதுக்குத் தப்பாது.

ஒரு சதவீத போர்டோ கலவை, 10 லிட்டருக்கு: மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் தண்ணில பிளாஸ்டிக் வாளியில கரைங்க. சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேற வாளியில நீத்து 5 லிட்டராக்கி வடிகட்டுங்க. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புல மெதுவா ஊத்திக் கிளறணும், மாத்தி ஊத்தக் கூடாது. இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. செம்பு நிறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்க, இல்லைன்னா இலை கருகும். அன்னிக்கே அடிச்சு முடிக்கணும். இலையோட அடிப்பக்கம் நனையணும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை விட்ட இடைவெளியில ஒரு தடவை. பழம் நிறம் மாறத் தொடங்கினா அடிக்காதீங்க. விழுந்த இலையைக் கூட்டி அள்ளிடுங்க, மூடாக்குக்குப் போடாதீங்க.

கொடை_பேரிக்காய்:
கவாத்தில் குழப்பம் இருக்கிறது. எல்லாக் கிளையையும் இரண்டு கணுவுக்கு வெட்டச் சொல்லி ஒரு காணொளி வருகிறதே?

மேட்டுநிலம்:
அது முக்கியக் காய்ப்பை மட்டும் நம்புகிற சமவெளிக்காரருக்கு. உங்கள் உயரத்தில் அப்படி வெட்டினால் பிரேபா முழுவதும் குப்பைக்குப் போகும், புதுக் காய் பழுக்காது, வருடம் காலி. மேல்மலையில் அத்தி காய்க்காது என்று சொல்பவர்கள் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பாதிக் கிளையை நுனியோடு விடுங்கள். மீதியை 2-3 கணுவுக்கு வெட்டுங்கள். அடுத்த வருடம் மாற்றி. கிளை நுனியில் மிளகு அளவில் இருக்கும் மொட்டுதான் அடுத்த பிரேபா. அதைத் தொடாதீர்கள். நவம்பரிலும் பச்சையாகத் தொங்கும் சுண்டைக்காய்க்கு மேற்பட்ட காயை எடுத்துவிடுங்கள், அவை மழையில் அழுகி நோய் சேர்க்கும். புதுத் தளிர் ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் காய் சீக்கிரம் பிடிக்கும்.

பிரவுன் டர்க்கி கடுமையான வெட்டைத் தாங்கும், புதுத் தளிரிலும் காய்க்கும். செலஸ்ட் தாங்காது, காய்ந்த கிளை, குறுக்குக் கிளை மட்டும் எடுத்தால் போதும். பிரவுன் டர்க்கி என்ற பெயரில் உலகம் முழுக்க ஒன்றுக்கு மேற்பட்ட ரகம் விற்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் இருப்பதும் இங்கிலாந்தில் இருப்பதும் ஒன்றல்ல. முடிந்தால் உங்கள் உயரத்திலேயே காய்த்து நிற்கிற மரத்திலிருந்து குச்சி வாங்குங்கள். பெயர்ச் சீட்டைவிட அது நம்பகம்.

குன்னூர்_சரிவு:
குச்சி எடுக்கிறது ஜனவரி-பிப்ரவரி, இலை உதிர்ந்து நிக்கிற சமயம். பென்சில் தடிமன், 20-25 செ.மீ., நாலு கணு. ஆத்துமணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி, மூணுல ரெண்டு பங்கு புதையணும். நம்ம குளிர்ல வேர் விட ரெண்டு மாசம் ஆகும். மேல ரெண்டு இலை வந்ததும் வேர் வந்துடுச்சுன்னு நினைச்சுத் தினமும் தண்ணி ஊத்திக் கொல்றவங்கதான் அதிகம். தாய் மரத்து இலையில மஞ்சள் திட்டுத் திட்டா மொசைக் தெரிஞ்சா அந்தக் குச்சி வேண்டாம். வெட்டும்போது பால் கையில படாம முழுக்கைச் சட்டை, கையுறை போடுங்க. பால் பட்ட இடத்துல வெயில் பட்டா கொப்புளிக்கும்.

கூடலூர்_எல்லை:
தண்டுல ஓட்டையும் அடியில மரத்தூளும் பார்த்தா பட்டோசெரா வண்டோட புழு, மாமரத்தைத் துளைக்கிற அதே வண்டு. சைக்கிள் கம்பியைவிட்டுக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெய் நனைச்ச பஞ்சை அடைச்சுக் களிமண் பூசுங்க.

பழத்துக்குக் கொண்டைக்குருவி, குரங்கு, கரடி. குருவிக்குத் துணி வலைப் பை போதும். நீலகிரில பிளாஸ்டிக் கவர் எப்படியும் தடை, போட்டாலும் உள்ள வேர்த்துப் பழம் அழுகும். குரங்குக்குப் பை எல்லாம் விளையாட்டு. கரடி வர்ற ஊர்ல பழுத்ததை ராத்திரி மரத்துல விடாதீங்க. காம்புக் கழுத்து வளைஞ்சு பழம் தொங்கணும், பறிச்ச இடத்துல பால் வரக் கூடாது, அதுதான் பக்குவம். காயாப் பறிச்சு வைக்கோல்ல வச்சா பழுக்காது, அத்திக்கு அந்தக் குணமே இல்லை.

கோத்தகிரி_புதுமனை:
சரி, முடிவு: சுவரோரம் பிரவுன் டர்க்கி ஒண்ணு, செலஸ்ட் ஒண்ணு. வயலெட் டி போர்டோ தொட்டியில். டயானா அப்புறம். 20 அடிக்குள்ள எவ்வளவு இடைவெளி விடணும்?

மேட்டுநிலம்:
சுவரோரம் இரண்டுக்கும் நடுவில் 3 மீட்டர், சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி. தொட்டி 50 லிட்டருக்குக் குறைய வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஓரத்து வேரை நாலில் ஒரு பங்கு சீவி, புது மண் போட்டு வையுங்கள். செலஸ்ட் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் இரண்டாவது பிரவுன் டர்க்கி. காத்திருக்க வேண்டாம், குன்னூர்க்காரர் சொன்னது அதில் சரி.

இன்னொன்று, தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மழை நாளில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் கீழே குழி எடுத்தால் ஐப்பசி முழுக்க அந்தக் குழி நிறைந்தே நிற்கும்.